மாதிரிப் படகு உந்துவிசிறிகளை மாற்றியமைத்தல்

மாதிரிப் படகு உந்துவிசிறிகளை மாற்றியமைத்தல் என்பது, தொலைக்கட்டுப்பாட்டில் ஓடும் சிறு படகுகளின் உந்துவிசிறியை (புரொப்பெல்லர்) அரம், உப்புத்தாள் முதலிய கருவிகளால் திருத்தி, படகின் வேகத்தையும் திறனையும் கூட்டும் பணி ஆகும். விளிம்பைக் கூர்மையாக்கல், இதழ்களின் தடிப்பைக் குறைத்தல், எடையைச் சமநிலைப்படுத்தல், விட்டத்தைக் குறைத்தல், வளைவை மாற்றுதல் ஆகியன இதில் அடங்கும். அச்சில் வார்த்து விற்கப்படும் உலோக உந்துவிசிறிகள் பெரும்பாலும் கரடுமுரடான நிலையிலேயே வாங்குபவரின் கைக்கு வருகின்றன. ஆகவே போட்டிப் படகுகளை ஓட்டுவோரிடையே இப்பணி ஒரு கூடுதல் வேலையாக அன்றி, உந்துவிசிறி தயாரிப்பின் கடைசிப் படியாகவே கருதப்படுகின்றது.

இப்பணியில் இரண்டு வகையான இடர்கள் உள்ளன. முதலாவது, நிமிடத்திற்கு இருபதாயிரம், முப்பதாயிரம் முறை சுழலும் கூரிய உலோகத் துண்டினால் நேரக்கூடிய வெட்டுக்காயம். இது எவருக்கும் எளிதில் புலப்படும். இரண்டாவது, அரத்தால் தேய்க்கும்போது எழும் தூசு. வேகப் படகுகளின் உந்துவிசிறிகள் பல, பெரிலியம் கலந்த செம்பினால் ஆனவை. அத்தூசு நுரையீரலை நிலையாகப் பாதிக்க வல்லது; பாதிப்பு தெரிய வருவதற்குப் பல ஆண்டுகள் ஆகலாம் என்பதால் இது அதிகம் கவனிக்கப்படுவதில்லை.

பின்னணி

உந்துவிசிறியின் வடிவத்தை மாற்றினால் படகின் வேகம் மாறும் என்பது, அக்கருவியின் தொடக்க நாட்களிலேயே தற்செயலாகத் தெரிய வந்தது. இங்கிலாந்தைச் சேர்ந்த பிரான்சிசு பெட்டிட் இசுமித் 1836 ஆம் ஆண்டில் திருகு வடிவ உந்திக்குக் காப்புரிமை பெற்றார். அவரது முதல் உந்தி மரத்தால் ஆனது. திருகாணியைப் போல இரண்டு முழுச் சுற்றுகளைக் கொண்டது. 1837 ஆம் ஆண்டில் இலண்டனின் பாடிங்டன் கால்வாயில் நடந்த ஓட்டத்தின்போது உந்தியின் ஒரு பகுதி உடைந்து விழுந்தது. படகு நின்றுவிடவில்லை; முன்னைவிட வேகமாக ஓடியது. இசுமித் இதைக் கவனித்து, பின்னர் ஒரே சுற்றுடைய உந்தியை அமைத்தார். தேவைக்கு மேற்பட்ட பரப்பு நீரில் உராய்ந்து ஆற்றலை வீணாக்குகின்றது என்பதே இதன் காரணம். இன்று மாதிரிப் படகு ஓட்டுபவர் இதழின் ஒரு பகுதியை அரத்தால் வெட்டிக் குறைப்பதும் இதே காரணத்துக்காகவே.

அடுத்த பெரிய படிப்பினை சார்லசு பார்சன்சிடமிருந்து கிடைத்தது. நீராவிச் சுழலியால் இயங்கிய அவரது டர்பீனியா என்னும் கப்பல் 1894 ஆம் ஆண்டில் முதன்முதலாக ஓட்டப்பட்டபோது எதிர்பார்த்த வேகத்தை எட்டவில்லை. உந்துவிசிறி அளவு மீறிய வேகத்தில் சுழன்றதால் இதழ்களின் முதுகுப் பக்கத்தில் நீரின் அழுத்தம் மிகவும் குறைந்து, அங்கே ஆவிக் குமிழ்கள் தோன்றின. இந்நிகழ்வு குழிவாதல் எனப்படும். இதனை ஆராய்வதற்காகப் பார்சன்சு 1895 ஆம் ஆண்டில் ஒரு சிறு நீர்ச்சுற்றுத் தொட்டியை அமைத்து, அதனுள் 2 அங்குல விட்டமுடைய உந்துவிசிறியைச் சுழலவிட்டு, விட்டுவிட்டு ஒளிரும் வெளிச்சத்தில் குமிழ்களைப் பார்த்தார். முப்பதாயிரம் குதிரைத்திறன் கப்பல்களுக்கு வழிகாட்டிய அந்த ஆய்வு, இன்றைய மாதிரிப் படகு ஒன்றின் உந்துவிசிறியின் அளவிலேயே நடந்தது என்பது குறிப்பிடத்தக்கது. பின்னர் மூன்று தண்டுகளில் தண்டுக்கு மூன்றாக ஒன்பது உந்துவிசிறிகள் பொருத்தப்பட்ட டர்பீனியா, 1897 ஆம் ஆண்டில் இசுபிட்கெட் கடற்படை அணிவகுப்பில் 34 கடல் மைல் அளவிலான வேகத்தில் ஓடி அனைவரையும் வியக்க வைத்தது.

உறுப்புகளும் அளவுகளும்

உந்துவிசிறியின் நடுவில் தண்டு நுழையும் உருளைப் பகுதி குடம் எனப்படும். வண்டிச் சக்கரத்தின் குடத்தைப் போன்றதே இது. குடத்திலிருந்து வெளிநோக்கி நீள்பவை இதழ்கள். சுழலும்போது நீரை முதலில் வெட்டும் ஓரம் முன்விளிம்பு. நீர் விலகிச் செல்லும் ஓரம் பின்விளிம்பு. படகின் பின்புறம் நோக்கி நீரைத் தள்ளும் பக்கம் முகம் என்றும், படகை நோக்கியிருக்கும் குவிந்த பக்கம் முதுகு என்றும் அழைக்கப்படுகின்றன. தமிழில் கேட்கும்போது இவை இடம் மாறியவை போலத் தோன்றலாம். முகம் பின்னோக்கியும் முதுகு முன்னோக்கியும் இருக்கும் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

உந்துவிசிறியை ஒரு திருகாணியாகக் கருதினால், அது ஒரு முழுச் சுற்றில் முன்னேற வேண்டிய தொலைவு புரியிடைத் தூரம் ஆகும். விட்டம், புரியிடைத் தூரம் ஆகிய இரண்டுமே உந்துவிசிறியை அடையாளப்படுத்துகின்றன. எடுத்துக்காட்டாக, அமெரிக்காவின் ஆக்டுரா நிறுவனத்தின் எக்சு 440 என்னும் உந்துவிசிறியில், கடைசி இரு இலக்கங்கள் விட்டம் 40 மி.மீ என்பதையும், முதல் இலக்கமான 4, புரியிடைத் தூரம் விட்டத்தைப் போல் 1.4 மடங்கு என்பதையும் காட்டுகின்றன. ஆகவே அதன் புரியிடைத் தூரம் 56 மி.மீ ஆகும். எக்சு 640 என்பதில் விட்டம் அதே 40 மி.மீ, புரியிடைத் தூரமோ 64 மி.மீ.

ஓர் இதழ் ஏன் முறுக்கிய வடிவில் உள்ளது என்பதும் இந்த எண்களிலிருந்தே விளங்கும். மேற்கூறிய 56 மி.மீ புரியிடைத் தூரத்தைப் பெற, நடுவிலிருந்து 7 மி.மீ தொலைவில் இதழ் ஏறத்தாழ 52 பாகை சாய்ந்திருக்க வேண்டும். 14 மி.மீ தொலைவில் 32.5 பாகை போதும். 20 மி.மீ தொலைவிலுள்ள முனையில் 24 பாகையே தேவை. நுனி ஒரு சுற்றில் அதிகத் தொலைவு செல்வதால் அங்கே சாய்வு குறைவாக உள்ளது. குறடால் இதழைப் பிடித்து ஒரேயடியாகத் திருகினால் இந்த ஒழுங்கு குலைந்துவிடும். இதழின் ஒரு பகுதி நீரைத் தள்ள, மற்றொரு பகுதி அதற்குத் தடையாக நிற்கும்.

வேகக் கணக்கு

56 மி.மீ புரியிடைத் தூரமுள்ள உந்துவிசிறி நிமிடத்திற்கு 20,000 முறை சுழன்றால், அது நிமிடத்திற்கு 1,120 மீட்டர், அதாவது மணிக்கு 67.2 கி.மீ செல்ல வேண்டும். நீர் மரக்கட்டையைப் போல் திண்மம் அன்று. திருகு அதில் சற்று நழுவும். படகு உண்மையில் மணிக்கு 50 கி.மீ வேகத்தில் ஓடினால், நழுவல் ஏறத்தாழ 26 விழுக்காடு ஆகும். திருத்தப்பட்ட உந்துவிசிறியின் பயன், பெரும்பாலும் இந்த நழுவல் குறைவதிலும், அதே வேகத்திற்கு இழுக்கப்படும் மின்னோட்டம் குறைவதிலும் வெளிப்படும்.

வேகப் போட்டிப் படகுகள் பலவற்றில் உந்துவிசிறி முழுவதும் நீரில் மூழ்கி ஓடுவதில்லை. பாதி நீரிலும் பாதி காற்றிலுமாக, ஒவ்வோர் இதழும் ஒவ்வொரு சுற்றிலும் நீர்ப்பரப்பை அறைந்து உள்ளே நுழைகின்றது. இவ்வகையில் முதுகுப் பக்கத்தைக் காற்று நிரப்பிவிடுவதால் குழிவாதலின் கேடு குறைவு. ஆனால் முன்விளிம்பு நீருக்குள் எவ்வளவு தூய்மையாக நுழைகின்றது என்பது மிக முக்கியமாகின்றது. மழுங்கிய விளிம்பு நீரை வெட்டாமல் அடிக்கின்றது. கூர்மையாக்கலுக்கு இவ்வகைப் படகுகளில் அதிக மதிப்பு இருப்பது இதனாலேயே.

செய்யப்படும் மாற்றங்கள்

வேலை குடத்தின் துளையிலிருந்து தொடங்குகின்றது. துளை தண்டில் ஆட்டமின்றி, ஆனால் அடித்து ஏற்றத் தேவையின்றி அமைய வேண்டும். இதைக் கடைசியில் செய்பவர்களும் உள்ளனர். அது வீண் வேலை. பின்னால் வரும் எல்லா அளவீடுகளும் துளையின் மையத்தைக் கொண்டே எடுக்கப்படுவதால், துளை நகர்ந்தால் அவை அனைத்தும் பிழைபடும். அடுத்து வார்ப்பு அச்சின் இணைப்பில் பிதுங்கி நிற்கும் பிசிறுகள் நீக்கப்படுகின்றன.

கூர்மையாக்கலின்போது உலோகம் வழக்கமாக முதுகுப் பக்கத்திலிருந்தே எடுக்கப்படுகின்றது. முகத்தைத் தேய்த்தால் புரியிடைத் தூரமே மாறிவிடும் என்பதால் அது கூடுமானவரை தொடப்படுவதில்லை. முன்விளிம்பிலிருந்து உள்நோக்கிச் சரிவாகத் தேய்த்து, கண்ணுக்குத் தெரியும் வெண்கோடு மறையும்வரை மெலிதாக்குவர். இதழ் குடத்துடன் சேரும் அடிப்பகுதியில் உலோகத்தைக் குறைக்கக் கூடாது. வளைக்கும் விசை முழுவதையும் தாங்குவது அந்த இடமே. விளிம்பில் கல் பட்டு ஏற்பட்ட சிறு வெட்டு இருந்தால், அதை அப்படியே விட்டுவிடாமல் வட்டமான குழிவாகத் தேய்த்துவிட வேண்டும். கூரிய மூலையுள்ள வெட்டிலிருந்துதான் வெடிப்பு வளரத் தொடங்கும்.

பின்விளிம்பைச் சற்று வெட்டிக் குறைப்பதால் இதழின் பரப்பும், அதனால் படகின் பின்பகுதி மேலே தூக்கப்படும் விசையும் குறைகின்றன. அதற்கு மாறாக, பின்விளிம்பின் கடைசி ஓரிரு மில்லிமீட்டரை முகப்பக்கமாக மெல்ல வளைத்தால் கிண்ணம் போன்ற ஒரு வளைவு உண்டாகின்றது. இது உந்துவிசிறி நீரைப் பற்றும் திறனைக் கூட்டும். புரியிடைத் தூரத்தைக் கூட்டியது போன்ற விளைவைத் தரும். இயக்கியின் மீதான சுமையையும் கூட்டும். இவ்வளைவை எல்லா இதழ்களிலும் ஒரே அளவாகக் கொண்டு வருவது கடினம். தொடக்கநிலையினருக்கு இது ஏற்ற வேலை அன்று.

இதழ்கள் ஒன்றுக்கொன்று ஒத்துள்ளனவா என்பதை அறிய, உந்துவிசிறியைத் தட்டையான கண்ணாடிப் பலகையின்மீது படுக்க வைத்து, நடுவிலிருந்து ஒரே தொலைவில் முன்விளிம்பு, பின்விளிம்பு ஆகியவற்றின் உயரங்களை ஒவ்வோர் இதழுக்கும் அளப்பர். எடையில் முழுச் சமநிலையுடைய உந்துவிசிறியிலும் ஓர் இதழ் 56 மி.மீ புரியிடையும் மற்றது 58 மி.மீ புரியிடையும் கொண்டிருக்கக் கூடும். அத்தகையது தராசில் குறையின்றித் தெரிந்தாலும் நீரில் அதிரும்.

சமநிலைப்படுத்தல்

எல்லா மாற்றங்களிலும் மிகக் குறைந்த இடருடன் மிகுதியான பயன் தருவது சமநிலைப்படுத்தலே எனலாம். வேறெதையும் செய்யாமல் இதை மட்டும் செய்தாலும் படகின் ஆயுள் கூடும்.

ஓர் இதழ் மற்றதைவிட வெறும் 0.1 கிராம் கூடுதல் எடையுடன் உள்ளது என்றும், அக்கூடுதல் எடை நடுவிலிருந்து 15 மி.மீ தொலைவில் உள்ளது என்றும் கொள்வோம். நிமிடத்திற்கு 20,000 சுழற்சியில் அது தண்டை வெளிநோக்கி இழுக்கும் விசை ஏறத்தாழ 6.6 நியூட்டன், அதாவது கிட்டத்தட்ட 670 கிராம் எடையைத் தொங்கவிட்டதற்குச் சமம். இவ்விசை ஒரே திசையில் நிற்பதில்லை. நொடிக்கு 333 முறை தண்டைச் சுற்றி வருகின்றது. விசை சுழற்சி வேகத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதால், 30,000 சுழற்சியில் அது 15 நியூட்டனுக்கு அருகில் உயர்ந்துவிடும். தண்டைத் தாங்கும் உள்ளுறை தேய்வதும், தேய்ந்த இடைவெளி வழியே படகினுள் நீர் புகுவதும், மறை தளர்ந்து உந்துவிசிறி ஏரியின் அடியில் காணாமற்போவதும் பெரும்பாலும் இதன் விளைவுகளே.

சமநிலையைச் சோதிப்பதற்கு, துளையில் சரியாகப் பொருந்தும் நேரான ஊசித்தண்டு ஒன்றில் உந்துவிசிறியைக் கோத்து, மட்டமாக நிறுத்தப்பட்ட இரு சவரத் தகடுகளின் விளிம்பிலோ, காந்தங்களுக்கிடையே தண்டை மிதக்கவிடும் கருவியிலோ வைக்கின்றனர். எடை மிகுந்த இதழ் கீழே வந்து நிற்கும். அதன் முதுகின் நடுப்பகுதியில் சிறிது தேய்த்து மீண்டும் சோதிக்க வேண்டும். நுனியையோ விளிம்பையோ தேய்த்து எடையைக் குறைப்பது எளிய வழியாகத் தோன்றினும், அது வடிவத்தை மாற்றிவிடும். மூன்று இதழ்களுள் ஒன்று மட்டும் எடை குறைந்ததாயின் மற்ற இரண்டிலும் தேய்க்க வேண்டியிருக்கும்.

இரண்டு இதழ் உந்துவிசிறியில் ஒரு நுட்பம் உண்டு. இதழ்கள் கிடையாக நிற்கும்போது சமநிலையில் உள்ள உந்துவிசிறி, அவற்றை நெட்டுக்குத்தாக நிறுத்தினால் ஒரு பக்கம் சாயக் கூடும். அப்போது குறை இதழ்களில் இல்லை. குடத்தின் ஒரு பக்கத்தில் உலோகம் மிகுந்துள்ளது. அந்தப் பக்கத்தில்தான் தேய்க்க வேண்டும். எந்த நிலையில் விட்டாலும் அந்த நிலையிலேயே நிற்பது முழுச் சமநிலைக்கு அடையாளம். கூர்மையாக்கல் முடிந்த பின்னரே சமநிலைப்படுத்தலைச் செய்ய வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

பெரிலியச் செம்பும் நுரையீரலும்

செம்புடன் 2 விழுக்காடு வரை பெரிலியம் சேர்க்கப்பட்டால் கிடைக்கும் கலப்புலோகம், சூடுபடுத்திப் பதப்படுத்தியபின் எஃகுக்கு நிகரான வலிமை பெறுகின்றது. மெல்லிய விளிம்பைத் தாங்கும், உப்புநீரில் துருப்பிடிக்காது, நுண்ணிய வடிவங்களையும் அச்சில் நன்கு ஏற்கும். வேக உந்துவிசிறிகளுக்கு இது விரும்பப்படுவதற்கு இவையே காரணங்கள். திண்ம நிலையில் இதைத் தொடுவதாலோ படகில் பயன்படுத்துவதாலோ தீங்கு ஏதும் இல்லை. தேய்க்கும்போது எழும் நுண்தூசைச் சுவாசிப்பதிலேயே கேடு உள்ளது.

பெரிலியத் தூசு நுரையீரலை அடைந்தால் சிலரது உடல் அதற்கு எதிராக ஒவ்வாமை கொள்ளத் தொடங்குகின்றது. அவர்களுள் ஒரு பகுதியினருக்கு நாட்பட்ட பெரிலிய நோய் உண்டாகின்றது. நுரையீரலில் சிறு முடிச்சுகள் தோன்றி, திசு தடித்து, வறட்டு இருமலும் மூச்சுத்திணறலும் களைப்பும் எடைக்குறைவும் ஏற்படுகின்றன. இது முழுமையாகக் குணமாவதில்லை. மருந்துகளால் கட்டுப்படுத்தவே முடிகின்றது. தூசைச் சுவாசித்ததற்கும் நோய் வெளிப்படுவதற்கும் இடையே பல ஆண்டுகள் கடந்துவிடலாம். 1946 ஆம் ஆண்டில் ஆரியட் ஆர்டி, இர்விங் டேபர்சா ஆகிய மருத்துவர்கள், அமெரிக்காவின் மாசச்சூசெட்சு மாநிலத்தில் ஒளிர்விளக்குத் தொழிற்சாலையில் வேலை செய்தவர்களிடம் இந்நோயைக் கண்டு விளக்கினர். அக்காலத்தில் விளக்குக் குழாய்களின் உட்பூச்சில் பெரிலியச் சேர்மம் கலந்திருந்தது. 1993 ஆம் ஆண்டில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, பெரிலியத்தையும் அதன் சேர்மங்களையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்ற முதல் பிரிவில் சேர்த்தது.

அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு முகமை 2017 ஆம் ஆண்டு விதியின் மூலம், எட்டு மணி நேரப் பணிக்கான பெரிலிய வரம்பை ஒரு கன மீட்டர் காற்றில் 2 மைக்ரோகிராமிலிருந்து 0.2 மைக்ரோகிராமாகக் குறைத்தது. இவ்வளவு எத்தனை சிறியது என்பதை ஒரு கணக்கால் உணரலாம். 30 கன மீட்டர் கொள்ளளவுள்ள ஓர் அறையின் காற்றில் இந்த அளவை எட்ட 6 மைக்ரோகிராம் பெரிலியம் போதும். 2 விழுக்காடு பெரிலியமுள்ள கலப்புலோகத்தில் அது 0.3 மில்லிகிராம் தூசில் அடங்கிவிடும். ஓர் உந்துவிசிறியைத் திருத்துகையில் அரை கிராம் உலோகம் தேய்க்கப்படுவதாகக் கொண்டால், அதில் இரண்டாயிரத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேற்பட்டது காற்றில் கலந்தாலே வரம்பு எட்டப்படுகின்றது. அரத்தூளில் பெரும்பகுதி பருமனானது, உடனே கீழே விழுந்துவிடுவது என்பது உண்மையே. ஆனால் அதிவேகச் சுழல் கருவியால் உலர்ந்த நிலையில் தேய்த்தால் நுண்தூசின் பங்கு வெகுவாகக் கூடும்.

எனவே பெரிலியச் செம்பை உலர்ந்த நிலையில் தேய்க்கவே கூடாது. நீரில் நனையும் தன்மையுள்ள உப்புத்தாளைக் கொண்டு, நீர் நிரம்பிய தட்டத்திற்குள் உந்துவிசிறியை வைத்துக் கையால் தேய்ப்பதே ஏற்ற முறை. அரத்தைப் பயன்படுத்தினாலும் அதுவும் உந்துவிசிறியும் நனைந்தபடியே இருக்க வேண்டும். நுண்துகளைத் தடுக்கும் உயர்தர முகமூடி அணிய வேண்டும். மூக்கில் கட்டும் கைக்குட்டையோ மருத்துவ முகமூடியோ போதாது. தேய்த்த நீரும் சேறும் காய்ந்தால் மீண்டும் தூசாகிவிடும் என்பதால், ஈரமாக இருக்கும்போதே ஈரத்துணியால் துடைத்து, துணியுடன் பையிலிட்டுக் கட்டிவிட வேண்டும். துடைப்பத்தால் பெருக்குவது, வாயால் ஊதுவது, அழுத்தக் காற்றால் தூய்மை செய்வது ஆகிய மூன்றும் தவிர்க்கப்பட வேண்டியவை. பணியின்போது அணிந்த உடையைத் தனியே துவைக்க வேண்டும். சமையலறை, குழந்தைகள் இருக்கும் அறை ஆகியன இதற்கான இடங்கள் அல்ல.

உந்துவிசிறி எந்த உலோகத்தால் ஆனது என்று தெரியாதபோது அதைப் பெரிலியச் செம்பாகவே கருதிச் செயற்படுவது நல்லது. நிறத்தைக் கொண்டு பித்தளையிலிருந்தோ வெண்கலத்திலிருந்தோ அதைப் பிரித்தறிய இயலாது. இத்தகைய ஏற்பாடுகள் இல்லாத மாணவர்கள், ஏற்கெனவே கூர்மையாக்கிச் சமநிலைப்படுத்தி விற்கப்படும் உந்துவிசிறிகளையோ, அலுமினியம், துருவேறா எஃகு ஆகியவற்றில் கணினிப் பொறியால் கடையப்பட்டவற்றையோ வாங்குவது சிறந்தது. விலை சற்றுக் கூடுதல். ஆனால் தேய்க்கும் வேலை மிகக் குறைவு.

பிற பொருட்களும் பட்டறை ஒழுங்கும்

பித்தளை உந்துவிசிறிகள் பலவற்றில், எளிதாகக் கடைவதற்காகச் சிறிதளவு ஈயம் சேர்க்கப்பட்டிருக்கும். வேலைக்குப் பின் கைகளைக் கழுவாமல் உண்ணக் கூடாது. கண்ணாடி இழை, கரிம இழை ஆகியன கலந்த நெகிழி உந்துவிசிறிகளின் தூசு தோலையும் மூச்சுக்குழலையும் உறுத்தும். பற்றவைத்த இதழ்களை உடைய பித்தளை உந்துவிசிறியைச் சூடாக்கி வளைக்க முயன்றால் பற்று விட்டுப்போகும். அது பட்டறையில் விழுந்தால் நல்லது. நீரில் சுழலும்போது விட்டுப்போனால் இதழ் குண்டைப் போலப் பறக்கும். 2 கிராம் எடையுள்ள இதழ் ஒன்றை 20,000 சுழற்சியில் குடத்துடன் பிடித்து வைக்க ஏறத்தாழ 100 நியூட்டன் விசை தேவைப்படுகின்றது.

உந்துவிசிறியைக் கையில் பிடித்துக்கொண்டு சுழல் கருவியால் தேய்ப்பதே விரல் காயங்களுக்கு முதன்மையான காரணம். மரக்கட்டைகளுக்கு நடுவே வைத்துப் பட்டறைப் பிடிப்பானில் (வைஸ்) இறுக்கிய பின்னரே வேலையைத் தொடங்க வேண்டும். கண் காப்புக்கண்ணாடி எப்போதும் தேவை. கையுறையைப் பொறுத்தவரை ஒரு வேறுபாடு உண்டு: கையரத்தால் தேய்க்கும்போது தடித்த கையுறை காக்கும், சுழலும் பொறிக்கு அருகே அதே கையுறை சிக்கிக்கொண்டு விரலை உள்ளே இழுத்துவிடும்.

இயக்கியின் மீதான சுமை

உந்துவிசிறியைத் திருத்தும்போது மின்சுற்றைப் பற்றி எண்ணாதவர்கள் மின்கலத்தை இழக்கின்றனர். ஒரே வடிவமுள்ள உந்துவிசிறிகளில், சுழற்ற வேண்டிய ஆற்றல் சுழற்சி வேகத்தின் மும்மடிக்கும் விட்டத்தின் ஐம்மடிக்கும் ஏற்பக் கூடுகின்றது. விட்டத்தை 40 மி.மீ இலிருந்து 44 மி.மீ ஆக, அதாவது பத்து விழுக்காடு மட்டுமே கூட்டினாலும், அதே சுழற்சி வேகத்தைக் காக்க 61 விழுக்காடு கூடுதல் ஆற்றல் வேண்டும். 70 ஆம்பியர் இழுத்த படகு 113 ஆம்பியர் இழுக்க முற்படும். நடைமுறையில் சுழற்சி சற்றுக் குறைந்துவிடுவதால் முழு அளவு எட்டப்படுவதில்லை. ஆயினும் 100 ஆம்பியர் தாங்கும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி ஒன்றை எரிப்பதற்கு அது போதும். மறுபுறம், விட்டத்தைப் பத்து விழுக்காடு குறைத்தால் தேவையான ஆற்றல் 59 விழுக்காடாகச் சுருங்குகின்றது. இயக்கி சூடேறும் படகுக்கு, இதழ்களின் நுனியைச் சமமாகத் தேய்த்துக் குறைப்பதே மலிவான மருந்து.

இலித்தியம் பலபடி மின்கலங்கள் அளவுக்கு மீறிச் சூடேறினால் வீங்கும்; தீப்பற்றவும் கூடும். ஓட்டம் முடிந்ததும் மின்கலம், கட்டுப்பாட்டுக் கருவி, இயக்கி ஆகியவற்றின் வெப்பத்தை அளப்பதை வழக்கமாக்க வேண்டும். மின்கலம் 60 பாகை செல்சியசை நெருங்கினால் அந்த உந்துவிசிறி அப்படகுக்குப் பெரியது.

நீரில் சோதித்தல்

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டுமே செய்து சோதிப்பது அறிவியல் முறை. கூர்மையாக்கலையும் விட்டக் குறைப்பையும் ஒரே நாளில் செய்தால், வேகம் கூடியது எதனால் என்று ஒருபோதும் தெரியாது. ஒரே வகையான இரண்டு உந்துவிசிறிகளை வாங்கி, ஒன்றைத் தொடாமல் ஒப்பீட்டுக்காக வைத்துக்கொள்வோர் உள்ளனர். புவியிடங்காட்டிக் கருவியால் வேகத்தையும், பதிவு செய்யும் அளவியால் மின்னோட்டத்தையும் குறித்துக்கொள்ளலாம். முதல் ஓட்டம் அரை நிமிடத்திற்கு மேற்படாமல் இருப்பது நல்லது. அதற்குள் சுமை மிகுதியா என்பது வெப்பத்தில் தெரிந்துவிடும். கரையில் கேட்கும் ஒலியை மட்டும் நம்புவது ஏமாற்றும். நீரைப் பற்றாமல் வீணே சுழலும் உந்துவிசிறியே உரத்த, உயர்ந்த ஒலி எழுப்புகின்றது.

மின்கலத்தை இணைத்த நொடியிலிருந்து உந்துவிசிறி எந்நேரமும் சுழலக்கூடும் என்று கொள்ள வேண்டும். கைக்கருவியை முதலில் இயக்கி, படகை அதன் தாங்கியில் பிடித்துக்கொண்டு, விரல்கள் பின்புறம் செல்லாதவாறு மின்கலத்தைக் கடைசியில் இணைக்க வேண்டும். நீருக்கு வெளியே உந்துவிசிறியை முழு வேகத்தில் சுழலவிடுவது கூடாது. சுமையில்லாத இயக்கி அதன் உச்சச் சுழற்சிக்குத் தாவும். திருத்தும்போது ஏற்பட்டிருக்கக்கூடிய கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு அப்போதுதான் பிளக்கும். 40 மி.மீ உந்துவிசிறியின் நுனி, 20,000 சுழற்சியில் மணிக்கு 150 கி.மீ வேகத்தில் செல்கின்றது. குளிப்பவர்களும் நீர்ப்பறவைகளும் உள்ள குளங்களில் இத்தகைய படகுகளை ஓட்டலாகாது. படகைப் பையில் எடுத்துச் செல்லும்போதும் உந்துவிசிறிக்கு உறையிட வேண்டும். நன்றாகத் திருத்தப்பட்ட விளிம்பு, நின்ற நிலையிலேயே கத்தியைப் போல வெட்டும்.

பன்னாட்டு மாதிரிக் கப்பல் அமைப்பான நாவிகா 1959 ஆம் ஆண்டு முதல் போட்டிகளுக்கான வகுப்புகளை வகுத்து வருகின்றது. வட அமெரிக்காவில் நம்பா, இம்பா ஆகிய அமைப்புகள் உள்ளன. வகுப்புக்கு வகுப்பு விதிகள் வேறுபடும் என்பதால், விலையுயர்ந்த உந்துவிசிறியில் அரத்தை வைக்கும் முன் விதிநூலைப் பார்ப்பது பயன் தரும்.

அளவொத்த கப்பல் மாதிரிகளில்

இழுவைப் படகு, மீன்பிடிக் கப்பல், போர்க்கப்பல் முதலியவற்றின் அளவொத்த மாதிரிகள் நிமிடத்திற்குச் சில ஆயிரம் சுழற்சிகளுக்கு மேல் செல்வதில்லை. உந்துவிசிறி முழுவதும் நீரில் மூழ்கியிருக்கும். இவற்றில் முன்விளிம்பைக் கத்தி போல் தீட்டுவதால் எவ்விதப் பயனும் இல்லை. மெல்ல வட்டமாக்கப்பட்ட முன்விளிம்பே, திருப்பங்களிலும் பின்னோக்கிச் செலுத்தும்போதும் நீரோட்டம் இதழை விட்டு விலகாமல் காக்கும். இங்கு கவனிக்க வேண்டியவை சமநிலை, சுழலும் திசை ஆகிய இரண்டே. இரட்டைத் தண்டுக் கப்பல்களில் வலப்புரியும் இடப்புரியுமாக இரண்டு உந்துவிசிறிகளைப் பொருத்தினால், ஒன்று கப்பலைச் சாய்க்க முயலும் முறுக்குவிசையை மற்றது ஈடுசெய்துவிடும். பின்புறமிருந்து பார்க்கும்போது வலஞ்சுழியாகச் சுழன்று கப்பலை முன்செலுத்துவது வலப்புரி எனப்படும். இரண்டையும் இடம் மாற்றிப் பொருத்திவிட்டாலும் கப்பல் ஓடவே செய்யும். ஆனால் ஒரே இடத்தில் திருப்பும்போது அதன் நடத்தை மாறுபடும்.